நடு ஸ்பீக்கரின் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள். பாதி வரலாற்றுப் பாடம், பாதி என் வீட்டுக் கதை. கடைசியில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது. அதை எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். நான்காம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்வான். இப்போது அவனே இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். "டீச்சர், ஹோம் தியேட்டர் வாங்கலாம்னு இருக்கேன். உங்க வீட்ல இருக்குல்ல? கடையில 5.1ங்கிறாங்க, டால்பிங்கிறாங்க, டி.டி.எஸ்ங்கிறாங்க, அட்மாஸ்ங்கிறாங்க. எது எதுக்கு டீச்சர்?" என்று கேட்டான்.

எனக்கும் தெரியாது. ஆனால் முப்பத்தைந்து வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவளுக்கு "தெரியாது" என்ற சொல் வாயில் வராது. "ரெண்டு வாரம் டைம் குடு, படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன். படித்தேன். பாடம் எடுக்கப் போன நானே பாடம் படித்தது தனிக்கதை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வீட்டு நிலவரம். என் மகன் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ரிசீவரும் ஆறு ஸ்பீக்கர்களும் வாங்கிக் கொடுத்தான். முன்பக்கம் மூன்று, பின்பக்கம் இரண்டு, மூலையில் பெட்டி மாதிரி ஒரு சப்வூஃபர். அதோடு சின்னதாக ஒரு மைக்கும் வந்தது. "அம்மா, இந்த மைக்கை நடுவில வெச்சா ரிசீவரே ஒவ்வொரு ஸ்பீக்கரையும் அளந்து சரி பண்ணிக்கும்" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டான். நான்தான் ரிமோட்டை எடுத்து, டி.வி. திரையில் வந்ததைப் படித்துப் படித்து அந்த வேலையை முடித்தேன். ஒவ்வொரு ஸ்பீக்கரும் 'ஊய்ங்' என்று கத்தி ஓய்ந்தது. 'முடிந்தது' என்று திரையில் வந்ததும் எனக்கு ஒரே பெருமை.

எங்க வீட்டுக்காரரை உங்களில் பலருக்குத் தெரியும். மன்னார்குடி பக்கம் எங்கள் ஊரில் மைக்செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் புளியமரத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டியவர். நம் பள்ளி ஆண்டு விழாவுக்கும் அவர் செட்தான். ஸ்பீக்கர் இரைந்தால் ஆம்ப்ளிஃபையரைத் தொடாமலே எந்த ஒயர் என்று சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவர் புது செட் வந்த பிறகு, "பாட்டு வருது, மழை வருது, பேச்சு மட்டும் வரலை" என்றார். சவுண்டைக் கூட்டுவார். சண்டைக் காட்சி வந்தால் ஜன்னல் அதிரும், நான் குறைப்பேன், அவர் மறுபடி கூட்டுவார். ஆனால் செய்தி போட்டால் நன்றாகக் கேட்கிறது என்பார். "செய்தி கேக்குது, படம் கேக்கலையா? என்கூட உக்காந்து படம் பார்க்கப் பிடிக்கலைன்னு சொல்லுங்க" என்று எனக்குக் கோபம். ஒரு பொங்கலன்று மகன், மருமகள், பேரன் எல்லோரும் இருக்கும்போது, "காது போயிடுச்சு, ஒத்துக்க மாட்டேங்குறாரு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து சாயங்காலம் திண்ணையில் டிரான்சிஸ்டரோடு உட்கார ஆரம்பித்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடிவிட்டது.

இனி வரலாறு.

நம் ஊர்க் கீற்றுக்கொட்டகையில் திரைக்குப் பின்னால் ஒரே ஒரு ஸ்பீக்கர் இருக்கும். திரையில் பொடிப்பொடியாக ஓட்டை இருக்கும், ஒலி அதன் வழியாக வெளியே வரும். பேசும் படம் பரவிய காலத்தில் உலகம் முழுக்க இதே ஏற்பாடுதான். 1931 வாக்கில் லண்டனில் ஆலன் ப்ளம்லைன் என்ற இளம் பொறியாளர் தன் வருங்கால மனைவியோடு சினிமாவுக்குப் போனார். நடிகர் திரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கிறார், குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. குரலையும் ஆளோடு நடக்க வைக்க எனக்கு ஒரு வழி தெரியும் என்று அவர் அந்தப் பெண்ணிடம் சொன்னதாகச் சொல்வார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அதற்குக் காப்புரிமை விண்ணப்பம் போட்டார். இன்று நாம் ஸ்டீரியோ என்று சொல்வதன் அடிப்படை பெரும்பாலும் அந்த விண்ணப்பத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் 1942 ஜூனில் விழுந்து அவர் இறந்தார். வயது 38. தன் கண்டுபிடிப்பு வீடு வீடாகப் போனதை அவர் பார்க்கவில்லை. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1958 வாக்கில்தான்.

அதே காலத்தில் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தார் இன்னொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். இடது, வலது என்று இரண்டு ஸ்பீக்கர் வைத்தால் நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குக் குரல் நடுவிலிருந்து வருவதுபோலத் தோன்றும். இடது ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு? பக்கத்தில் இருக்கும் இடது ஸ்பீக்கரின் ஒலி முந்தி வரும், காது அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் அவர்கள் நடுவில் மூன்றாவதாக ஒன்று வைத்தார்கள். 1933 ஏப்ரலில் பிலடெல்பியாவில் ஒரு இசைக்குழு வாசித்தது. அதைத் தொலைபேசிக் கம்பி வழியே மூன்று தனித்தனி வழிகளில் அனுப்பி, வாஷிங்டனில் ஓர் அரங்கில் மூன்று ஸ்பீக்கர்களில் கேட்க வைத்தார்கள். நம் கதையின் நாயகன், அந்த நடு ஸ்பீக்கர், பொது மேடைக்கு வந்தது அப்போதுதான். பெரிய கூடத்தில் யார் எங்கே உட்கார்ந்தாலும் பேச்சு, பேசுகிறவரின் வாயிலிருந்தே வர வேண்டும். அதற்காகப் பிறந்தது அது. இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

1940 நவம்பரில் வால்ட் டிஸ்னியின் 'ஃபேன்டசியா' வந்தது. அதன் ஒலி, படச்சுருளில் இல்லாமல் தனிச் சுருளில் ஓடியது. திரைக்குப் பின்னால் மூன்று இடத்தில் ஸ்பீக்கர், அரங்கத்தைச் சுற்றியும் ஸ்பீக்கர். ஆனால் செலவு தாங்கவில்லை. போரும் சேர்ந்துகொண்டது. சில ஊர்களோடு அந்த முயற்சி நின்றுபோனது.

1950களில் அமெரிக்கர்கள் டி.வி. வாங்கி வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைத் தியேட்டருக்குத் திரும்ப இழுக்கத் திரையை அகலமாக்கினார்கள். 1953இல் வந்த முதல் சினிமாஸ்கோப் படமான 'தி ரோப்' நான்கு காந்தத் தடங்களோடு ஓடியது. மூன்று தடம் திரைக்குப் பின்னால், நான்காவது பார்வையாளர்களைச் சுற்றி. இன்று 'சரவுண்ட்' என்கிறோமே, அது அந்த நான்காவது தடத்தின் வாரிசு.

நம் தமிழுக்கு வந்தால், 1986இல் ரஜினிகாந்த் நடித்த 'மாவீரன்' 70 எம்.எம். படமாக ஆறு தட ஸ்டீரியோ ஒலியோடு வந்தது. சென்னையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். குதிரை திரையில் வருவதற்கு முன்பே குளம்புச் சத்தம் பக்கவாட்டில் வந்தது. நான் திரையைப் பார்த்தேன். எங்க வீட்டுக்காரர் சுவரில் எங்கெங்கே ஸ்பீக்கர் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். இடைவேளையில் கணக்கும் சொன்னார்.

இனி டால்பி. இது ஒரு மனிதரின் பெயர் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். ரே டால்பி 1933இல் அமெரிக்காவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிப்பு முடித்ததும் 1963 முதல் இரண்டு வருஷம் ஐ.நா. ஆலோசகராக நம் இந்தியாவில் வேலை பார்த்தார். 1965இல் லண்டன் போய்த் தன் ஆய்வகத்தைத் தொடங்கினார். அவருடைய முதல் வெற்றி, ஒலிநாடாவின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலைக் குறைத்தது. பழைய டேப் ரிக்கார்டரில் 'டால்பி' என்று ஒரு பொத்தான் இருக்குமே, அது இதுதான்.

அடுத்து அவருடைய நிறுவனம் செய்ததைக் கணக்குப் பாடமாகவே சொல்லலாம். படச்சுருளின் ஓரத்தில் இரண்டு ஒலித்தடத்துக்குத்தான் இடம் இருந்தது. அந்த இரண்டிலேயே நான்கைச் சுருட்டி வைத்தார்கள். எப்படி? நடுவில் வர வேண்டிய பேச்சை இரண்டு தடத்திலும் ஒரே மாதிரி சமமாகப் பதிந்தார்கள். சுற்றிவர வேண்டிய ஒலியை இரண்டு தடத்திலும் ஒன்றுக்கொன்று நேர் எதிராகப் பதிந்தார்கள். ஒன்றில் அலை மேலே போனால் மற்றதில் கீழே போகும். தியேட்டரில் உள்ள கருவி, 'இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, நடுவுக்கு அனுப்பு. எதிராக இருக்கிறதா, பின்னால் அனுப்பு' என்று பிரித்துவிடும். கூட்டினால் ஒன்று, கழித்தால் ஒன்று. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' இந்த முறையில் ஓடி உலகத்தையே கேட்க வைத்தது.

வீட்டுக்குள் இது எப்படி வந்தது? 1970களின் தொடக்கத்தில் அறையின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் வைக்கும் 'குவாட்ராஃபோனிக்' முறை வந்தது. ஒரு கம்பெனியின் தட்டு இன்னொரு கம்பெனியின் கருவியில் சரியாக ஓடாது. ஆளுக்கொரு முறை. வாங்குகிறவர்கள் குழம்பிக் கைவிட்டார்கள். 1982இல் வீட்டு வீடியோவுக்கென்று 'டால்பி சரவுண்ட்' வந்தது. அதில் இடது, வலது, பின்னால் உண்டு, நடு ஸ்பீக்கர் கிடையாது. 1987இல் வந்த 'டால்பி ப்ரோ லாஜிக்'தான் நடு ஸ்பீக்கரை வீட்டுக்குள் கொண்டுவந்தது. 1933இல் மேடை ஏறியவர் நம் ஹாலுக்கு வர 54 வருஷம் ஆகியிருக்கிறது.

5.1 என்ற எண்ணுக்கு வருவோம். ஐந்து என்பது முன் இடது, நடு, முன் வலது, பக்க இடது, பக்க வலது. புள்ளிக்குப் பின்னால் உள்ள ஒன்று, அடிவயிற்றில் அதிரும் தாழ்ந்த ஒலிக்கான தனித் தடம். அதன் எல்லை 120 ஹெர்ட்ஸ் வரைதான். முழு ஒலியில் சின்னத் துண்டு என்பதால் பத்தில் ஒன்று போல .1 என்று எழுதினார்கள். இப்படி எழுதலாம் என்று 1987இல் சொன்னவர் டாம்லின்சன் ஹோல்மன் என்ற ஒலி நிபுணர். 1979இல் வந்த 'அபோகலிப்ஸ் நவ்' படத்தில் ஹெலிகாப்டர் அரங்கைச் சுற்றிப் பறக்கும். அதற்காகவே பின் ஒலியை இடம் வலம் என்று பிரித்திருந்தார்கள். இந்த 5.1க்கு அதுவே முன்மாதிரி.

1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் டால்பி டிஜிட்டல் வந்தது. படச்சுருளின் ஓரத்துத் துளைகளுக்கு நடுவே உள்ள துளியூண்டு இடத்தில் புள்ளி புள்ளியாக ஒலியை அச்சடித்தார்கள். மறுவருஷம் 'ஜுராசிக் பார்க்' டி.டி.எஸ். முறையில் வந்தது. அவர்கள் ஒலியைச் சுருளில் வைக்காமல் தனி சி.டி.யில் வைத்தார்கள். சுருளில் நேரக் குறியீடு மட்டும் இருக்கும், அதைப் பார்த்துச் சி.டி. கூடவே ஓடும். 90களின் பின்பாதியில் நம் ஊர்த் தியேட்டர் வாசலிலெல்லாம் 'டி.டி.எஸ்.' என்று கொட்டை எழுத்தில் போர்டு வைத்தார்களே, நினைவிருக்கிறதா? படத்தின் பெயரைவிட அது பெரிதாக இருக்கும்.

டால்பிக்கும் டி.டி.எஸ்.க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டான் என் மாணவன். பெரியதாக ஒன்றுமில்லை, இரண்டும் மூட்டை கட்டும் முறைதான். ஆறு தடத்தையும் சுருக்காமல் வைத்தால் நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், பெருக்கல் 6. மொத்தம் 46,08,000 பிட். டி.வி.டி.யில் டால்பி டிஜிட்டலுக்கு அதிகபட்சம் 4,48,000 பிட் இடம்தான் உண்டு. பத்தில் ஒரு பங்கு! பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் வரும் சின்னச் சத்தம் நம் காதில் விழாது. அப்படி விழாதவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கட்டுகிறார்கள். டி.டி.எஸ். கொஞ்சம் பெரிய மூட்டை, டி.வி.டி.யில் சுமார் 7,54,000 அல்லது 15,09,000 பிட். 2006இல் ப்ளூ-ரே வந்த பிறகு இடப் பஞ்சம் தீர்ந்தது. 'டால்பி ட்ரூஹெச்டி', 'டி.டி.எஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ' இரண்டும் எதையும் கழிக்காமல் கட்டி, அப்படியே பிரித்துத் தருகின்றன.

2012இல் 'பிரேவ்' என்ற கார்ட்டூன் படத்தோடு டால்பி அட்மாஸ் வந்தது. அதே ஆண்டு கடைசியில் 'சிவாஜி' படத்தின் 3டி பதிப்பும் அட்மாஸ் ஒலியோடு வந்தது. இதில் சிந்தனையே வேறு. அதுவரை 'இந்த ஒலி இடது ஸ்பீக்கருக்கு' என்று எழுதி வைத்தார்கள். அட்மாஸில் 'இந்தப் பறவை தலைக்கு மேல், கொஞ்சம் வலது பக்கம்' என்று ஒலி இருக்க வேண்டிய இடத்தை எழுதி வைக்கிறார்கள். தியேட்டரில் இப்படி 128 வரை வைக்கலாம். எந்த ஸ்பீக்கரில் எவ்வளவு என்பதை அங்கே இருக்கும் கருவி கணக்குப் போட்டுக்கொள்ளும். 2014 முதல் வீட்டு ரிசீவர்களிலும் இது கிடைக்கிறது. பெட்டியில் 5.1.2 என்று இருந்தால் கடைசி 2, மேலிருந்து வரும் ஒலிக்கான ஸ்பீக்கர்கள்.

இனி ரிசீவரில் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இடம். நீங்கள் உட்காரும் இடமும் முன் ஸ்பீக்கர் இரண்டும் ஏறக்குறைய சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். நடு ஸ்பீக்கர் டி.வி.க்கு நேர் கீழே அல்லது மேலே. பின் ஸ்பீக்கர் என்று நாம் சொல்வது உண்மையில் பக்க ஸ்பீக்கர். காதுக்கு நேராக அல்லது சற்றே பின்னால் இருந்தால் போதும், அறையின் பின்மூலையில் ஒளித்து வைக்க வேண்டாம்.

இரண்டு, தூரம். ஒலி ஒரு நொடியில் சுமார் 343 மீட்டர் போகும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணச் சொல்வேனே, அதே கணக்குதான். ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி. எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேர, பக்கத்தில் இருப்பதை ரிசீவர் கொஞ்சம் காக்க வைக்கும். அதற்குச் சரியான தூரம் தெரிய வேண்டும்.

மூன்று, அளவு. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக டெசிபல் கூட்டலாம், குறைக்கலாம். 3 டெசிபல் குறைத்தால் சக்தி பாதியாகும். 6 குறைத்தால் கால் பங்கு. 9 குறைத்தால் எட்டில் ஒரு பங்கு.

நான்கு, ஸ்பீக்கரின் உருவம். மெனுவில் 'ஸ்மால்', 'லார்ஜ்' என்று கேட்கும். கௌரவம் பார்க்காதீர்கள். வீட்டில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர்களுக்கு 'ஸ்மால்' போட்டு, பிரிப்பு எல்லையை 80 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் அதற்குக் கீழே உள்ள அதிர்வெல்லாம் சப்வூஃபருக்குப் போய்விடும்.

ஐந்து, கேட்கும் முறை. 'ஸ்டீரியோ' என்றால் முன் இரண்டு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் மட்டும். பாட்டுக்கு நல்லது. 'டால்பி சரவுண்ட்' என்று போட்டால் இரண்டு தடத்தை நடுவுக்கும் பக்கத்துக்கும் விரித்துத் தரும். 'ஹால்', 'ஸ்டேடியம்' என்று இருப்பவை செயற்கையாக எதிரொலி சேர்ப்பவை. அவற்றில் பேச்சு குழம்பும், படத்துக்கு வேண்டாம்.

ஆறு, டி.வி.யின் ஒலி அமைப்பு. அங்கே 'பி.சி.எம்.' என்றிருந்தால் பல டி.வி.க்கள் இரண்டு தடமாகச் சுருக்கித்தான் அனுப்பும். 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ் த்ரூ' என்று மாற்றினால் மூட்டையைப் பிரிக்காமல் ரிசீவருக்குத் தரும்.

ஏழு, இரவு முறை. 'நைட் மோட்' போட்டால் உரத்த சத்தம் தணிந்து, மெல்லிய பேச்சு மேலே வரும். குழந்தை தூங்கும் வீட்டுக்கு வரப்பிரசாதம்.

இந்தக் குறிப்புகளை எழுதும்போது மெனுவின் சொற்களைச் சரிபார்க்க எங்கள் ரிசீவரையே திறந்தேன். 'தூரம்' என்ற பக்கத்தில் நடு ஸ்பீக்கருக்கு 0.3 மீட்டர் என்று போட்டிருந்தது. முப்பது சென்டிமீட்டர்! ஒரு ஸ்கேல் நீளம். தையல் டேப்பை எடுத்து சோபாவிலிருந்து அளந்தேன். 2.7 மீட்டர். பக்க ஸ்பீக்கருக்கு 4 மீட்டர் என்று இருந்தது, அளந்தால் 1.6தான்.

அடுத்த பக்கத்தில் அளவு. நடு: மைனஸ் 9. பக்கம்: பிளஸ் 5.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று அந்தச் சின்ன மைக்கை எங்கே வைத்தேன் என்று நினைவு வந்துவிட்டது. சோபா முழுக்க மடிக்காத துணி கிடந்தது. 'நடுவில் வை' என்று மகன் சொன்னதை நினைத்து, டி.வி. ஸ்டாண்டின் நடுவில், நடு ஸ்பீக்கருக்கு முன்னாலேயே வைத்துவிட்டேன். உட்காரும் இடத்தில், காது உயரத்தில் வைக்க வேண்டும் என்று திரையில் கட்டாயம் போட்டிருக்கும். நான் வேகமாகத் தள்ளியிருப்பேன். 'கேள்வியை முழுசாப் படிச்சிட்டு விடை எழுது' என்று உங்களையெல்லாம் எத்தனை முறை திட்டியிருப்பேன்!

ரிசீவர் என்ன செய்யும், பாவம்? மைக் இருக்கிற இடத்தில்தான் மனுஷன் உட்கார்ந்திருக்கிறான் என்று நம்பிவிட்டது. நடு ஸ்பீக்கர் காதருகே கத்துகிறது என்று அதை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தது. பக்க ஸ்பீக்கர் தொலைவில் இருக்கிறது என்று மூன்று மடங்கு சக்தியைக் கூட்டியது. நேரத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பின்னால் பெய்யும் மழை, முன்னால் பேசும் பேச்சைவிட 14 மில்லி விநாடி முந்தி எங்கள் சோபாவுக்கு வந்திருக்கிறது. படத்தில் பேச்சு பெரும்பாலும் நடுத்தடத்தில்தான் இருக்கும். அதைத்தான் நான் அமுக்கி வைத்திருந்தேன். செய்தி வெறும் ஸ்டீரியோவில் ஓடியதால் நடு ஸ்பீக்கரே தேவைப்படவில்லை, அதனால் அது தெளிவாகக் கேட்டது. "பாட்டு வருது, மழை வருது, பேச்சு மட்டும் வரலை." அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

எனக்கு மட்டும் எப்படிக் கேட்டது என்று கேட்பீர்கள். அதற்கும் விடை கிடைத்தது. வயதானால் காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதி ஒலிகளை. நம் மொழியில் சொன்னால், உயிரொலிகள் பலமானவை, வந்துவிடும். க, ச, ட, த, ப போன்ற வல்லினங்களைப் பிரித்துக் காட்டும் நுண்ணிய ஒலி உயரத்தில் இருக்கிறது, அது போய்விடும். 'பத்து' என்றாலும் 'சத்து' என்றாலும் 'கத்து' என்றாலும் ஒரே மாதிரி இருக்கும். காது நன்றாக இருப்பவர் மெல்லிய பேச்சைக்கூட ஊகித்துப் பிடித்துவிடுவார். கொஞ்சம் குறைந்தவருக்கு அந்த எட்டில் ஒரு பங்கு போதாது. அவர் காதில் குறை கொஞ்சம் இருந்தது. அதைப் பெரிய குறையாக ஆக்கியது நான் வைத்த மைக்.

அன்று மத்தியானம் துணியெல்லாம் எடுத்துவிட்டு, சோபாவில் அவர் உட்காரும் இடத்தில் ஸ்டூல் போட்டு, அவர் காது உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, மைக்கை வைத்து மறுபடி அளந்தேன். நடு 2.7 என்று வந்தது. அதன் பிறகு நடு ஸ்பீக்கரை மட்டும் கையால் 2 டெசிபல் கூட்டி வைத்தேன்.

சாயங்காலம் திண்ணைக்குப் போனேன். "என்னங்க, கொஞ்சம் உள்ள வாங்க" என்றேன். "எதுக்கு?" என்றார். மைக் கதையைச் சொன்னேன். அரைகுறையாகச் சொல்லாமல் ஸ்டாண்டில் வைத்ததிலிருந்து பொங்கலன்று பேசியது வரை முழுசாகச் சொன்னேன். அவர் டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாப்பது வருஷம் மைக்செட் கட்டினவன் சொன்னேன், நீ கேக்கலை. யாருக்குக் காது போச்சுன்னு இப்ப சொல்லு" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

அன்றிரவு ஒரு பழைய படம் முழுசாகப் பார்த்தோம். நடுவில் அவரே ரிமோட்டைக் கேட்டு வாங்கிச் சவுண்டைக் குறைத்தார்.

பிறகு காது மருத்துவரிடமும் போனோம். இரண்டு காதிலும் வயதுக்கேற்ற குறைவு இருக்கிறது, மெஷின் வைத்துப் பார்க்கலாம் என்றார். போன வருஷம் நான் சொல்லியிருந்தால் வரமாட்டேன் என்றிருப்பார். இப்போது, "சரி, பார்ப்போம்" என்று சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் அம்மாவோ அப்பாவோ "பேச்சு கேக்கலை" என்று சொல்லக்கூடும். உடனே காது போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். நடு ஸ்பீக்கரில் காதை வைத்துப் பாருங்கள். தூரம், அளவு இரண்டு பக்கத்தையும் திறந்து டேப்பால் அளந்து பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால் மரியாதையாக மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள்.

பொங்கலன்று அவரைப் பற்றிச் சொன்னதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதனால் மன்னிப்பையும் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். அவருக்கு இந்தப் பதிவைச் சத்தம்போட்டுப் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். 'மாவீரன்' படத்துக்கு அன்று தியேட்டரில் எத்தனை ஸ்பீக்கர் என்று எண்ணிச் சொன்னாராம், அந்த எண்ணிக்கையை நான் எழுதவில்லையாம். எனக்கு மறந்துவிட்டது என்றேன். "அதான் சொல்றேன், நீ எதைத்தான் கேட்ட?" என்றார்.

வாங்கப் போகிற என் மாணவனுக்கு: 5.1 போதும் தம்பி. மைக்கை மட்டும் சோபாவில் வை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்